பங்கு பிரிந்த வீடுகளும் பழம்பொருள் தெருவும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைப் பற்றி எழுதும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் அதனை ஓர் அங்காடியாகவே காண்கின்றன. அத்தெருவை ஒரு வரலாற்று ஆவணமாகவும் வாசிக்கலாம் என்பதே நாம் ஈண்டுச் சொல்ல விழைவது. அங்குள்ள பழம்பொருள் கடை ஒவ்வொன்றும் பல வீடுகளின் பொதுக்கூடம். வாழ்நாளில் ஒருவரையொருவர் அறியாத குடும்பங்களின் தவலைகளும் குத்துவிளக்குகளும் ஐந்தறைப் பெட்டிகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இத்தகைய கடைகளில் எதையும் தேடாமல் போவதே இன்பம். மங்குச் சாமான் என வழங்கும் இனாமல் பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்வீடன் நாட்டு முத்திரை தென்படும். பக்கத்திலேயே பர்மாவின் அரக்குப் பெட்டி, பெல்ஜியக் கண்ணாடி, பல்லாங்குழி, உழக்கு, ஆழாக்கு. மேலே சட்டமிட்ட இலட்சுமி படம். இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் 1901இல் பிரிட்ஸ் ஷ்லைகர் என்னும் ஜெர்மானியரின் கைக்கு மாறியதை அறிந்தவருக்கு அப்படம் வெறும் சாமி படமன்று. உலக வணிகத்தின் ஒரு நூற்றாண்டு, தூசு படிந்து ஓர் அலமாரியில் அடங்கிக் கிடக்கிறது.

இவையெல்லாம் செட்டிநாட்டின் வறண்ட மண்ணுக்கு எவ்வாறு வந்தன? 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழைப் பர்மாவின் நெல்லுக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. காடு திருத்தி வயலாக்கிய பர்மிய உழவர்க்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அங்கே சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இயங்குவதாக மதிப்பிட்டது. அப்பணமே பர்மாத் தேக்கில் தூண்களாகவும், கப்பலேறி வந்த கண்ணாடிச் சரவிளக்குகளாகவும் ஊர் திரும்பியது.

பின்னர் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக நிலங்கள் வந்து சேர்ந்தன. 1930களின் இறுதியில் கீழைப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு விளைநிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. கொடுத்த கடன் திரும்பாமல் நிலமாக உறைந்தது அவர்களுக்கு வெற்றியன்று. நிலம் இழந்த பர்மியர்க்கோ அது ஆறாத காயம். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் பர்மிய விடுதலை, அதையடுத்து நிலச் சீர்திருத்தச் சட்டங்கள், 1963–64இல் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை. அந்த வருவாய் வற்றியது. வீடுகள் மட்டும் எஞ்சின.

அவ்வீடுகளின் அமைப்பையும் இங்கே கருத வேண்டும். ஒரே வளவைச் சுற்றி, மணமான மகன் ஒவ்வொருவருக்கும் தனி அறை. ஒவ்வோர் இணையரும் ஒரு புள்ளி. மணப்பெண் கொண்டுவந்த சாமான்கள் அவளது அறையில் பூட்டி வைக்கப்படும். வீடு பொது, பாத்திரம் தனி. மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலராகிச் சென்னைக்கும் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிரிந்த பின், முகப்பையும் முற்றத்தையும் எப்படிக் கூறு போடுவது? ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது? எல்லாரும் ஒப்பும் ஒரே வழியாகச் சில வீடுகளில் விற்பனை அமைந்தது. பிரிக்க முடியாத வீட்டைக் கதவாகவும் தூணாகவும் உத்தரமாகவும் பிரித்துவிடலாம் அன்றோ! அவ்வாறு பிரிந்தவற்றுள் சில கொச்சி மட்டாஞ்சேரிக் கடைகள் வரை சென்றன.

சிறு பொருட்கள் வீட்டைவிட்டு வெளியேறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. எவர்சில்வர் வந்தபின், மாதந்தோறும் புளி போட்டுத் துலக்க வேண்டிய பித்தளை அண்டா சுமையாயிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவைகள் வந்தபின் படியும் மரக்காலும் வணிகத்தில் வேலையிழந்தன. எடைக்குப் போட்டிருந்தால் அவை உருக்கப்பட்டிருக்கும்; பழம்பொருள் கடைக்கு வந்ததால் பிழைத்தன. இதனை அக்கடைகளின் நற்பணியாகவே நாம் கொள்ள வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு இத்தெரு வழங்கும் பெருவிருந்து, பாத்திரங்களில் வெட்டப்பட்ட பெயர்களே. தகப்பனார் முன்னெழுத்து, ஊரின் முதலெழுத்து, சிலவற்றில் ஆண்டும் இருக்கும். பாத்திரத்தில் பெயர் பொறிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இதே சிவகங்கை மாவட்டத்தின் கீழடியில் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் தமிழிக் கீறல்களாக உள்ளன. அந்தப் பானையோட்டைக் கண்ணாடிப் பேழையில் வைக்கிறோம். நூறாண்டுக்கு முன் ஒரு பெண்ணின் சீராக வந்த செம்பின் பெயரையோ வாசிக்காமலே விலை பேசுகிறோம்.

விற்பதிலும் ஓர் இன்பம் உண்டு. நல்ல வணிகர் பொருளோடு கதையையும் எடுத்து வைப்பார். மூடி எங்கே, இணை எங்கே என்று கேட்பவரைக் கண்டால் உள்ளேயிருந்து வேறொன்றைக் கொண்டுவருவார். பேரம் என்பது ஒருவகையில் இருவர் தம் அறிவை அளந்துகொள்ளும் விளையாட்டு. ஆனால் அவ்விளையாட்டில் முதல் விற்பனையாளர் இருப்பதில்லை. ஆச்சியின் அறையைத் திறந்து கொடுத்த பேரனோ பேத்தியோ பெற்ற தொகைக்கும் கடையில் சொல்லும் விலைக்கும் நடுவே, பொருளின் ஊரும் பெயரும் நழுவிவிடுகின்றன.

சட்டம் ஓரளவே காக்கிறது. 1976இல் நடைமுறைக்கு வந்த 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பொருளைத் தொல்பொருள் என்கிறது; கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டு. அவற்றை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் ஏற்றுமதிக்குத் தடை. நாட்டைவிட்டுப் போவதை அது தடுக்கும். நினைவைவிட்டுப் போவதைத் தடுக்க அதனால் இயலாது.

அதற்கு வேறு வகை மனிதர் வேண்டும். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பிறர் கழித்துவிட்ட நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும்கூட வாழ்நாளெல்லாம் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் எழுந்தது. அவர் திரட்டியவை மதிப்புப் பெற்றது பழமையால் மட்டுமன்று; ஓரிடத்தில், ஒழுங்கோடு, சேர்ந்திருந்தமையால்.

எல்லாரும் ரோஜா முத்தையா ஆக முடியாது. ஒரு செயல் மட்டும் எல்லார்க்கும் இயலும். வீட்டை ஒழிப்பவர்கள், பொருளைக் கொடுக்குமுன் அது யாருடையது, எவ்வூர், எந்த மணத்துக்கு வந்தது என ஒரு தாளில் எழுதித் தரட்டும். வாங்குபவர் அத்தாளைக் கேட்டுப் பெறட்டும். வணிகர்க்கும் அதனால் இழப்பில்லை. கதையுள்ள செம்பு சற்றுக் கூடுதலாகவே விலைபோகும். பங்காளிகளுக்குள் பங்கிட முடியாமல் தெருவுக்கு வந்த பொருள், அந்த ஒரு தாளோடு வந்தால் நம் அனைவர்க்கும் பங்குடையதாகும்.