எழுத்து இல்லாத பக்கங்கள்: ஒரு பழைய அச்சுக்கோப்பின் வரலாறு

ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு நெகிழ்வட்டைத் தந்தார். இந்திய வானியல் நூல்களின் கணக்கீட்டு முறைகள் குறித்து 1993-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய பாடக்குறிப்புகள் அதில் இருந்தன. தாளில் எஞ்சியிருந்த ஒரே படி மழையில் நனைந்து பாழாகிவிட்டது. வட்டில் இருந்தவை ‘டிவிஐ’ என்ற பின்னொட்டுக் கொண்ட ஐந்து கோப்புகள். “இவற்றை அச்சிடத்தக்க வடிவத்துக்கு மாற்ற மென்பொருள் ஏதேனும் உண்டா?” என்று கேட்டார்.

மென்பொருள் அரைமணி நேரத்தில் கிடைத்தது. நூல் கிடைக்க மூன்று வாரங்கள் ஆயின. இந்த இடைவெளிக்குக் காரணமான வரலாற்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

1977-இல் டொனால்ட் குனூத், கணினி நிரலாக்கம் பற்றிய தம் நூல்வரிசையின் இரண்டாம் தொகுதிக்கான மறுபதிப்பு மெய்ப்பைக் கண்டு மனம் நொந்தார். ஈய எழுத்தில் அழகாக வந்த முதற்பதிப்பின் கணிதம், புதிய ஒளியச்சுக் கோப்பில் சிதைந்திருந்தது. அந்த மனக்குறையிலிருந்து பிறந்ததே ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள். அக்காலத்தில் ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் ஒவ்வொரு கட்டளைமொழி. எனவே எந்தப் பொறியையும் சாராத ஓர் இடைநிலைக் கோப்பு வேண்டியிருந்தது. 1979-இல் டேவிட் பியூக்ஸ் வகுத்த அந்த வடிவமே டிவிஐ. ‘சாதனம் சாராதது’ என்பதே அப்பெயரின் பொருள்.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் அதன் சிக்கனம் வியப்பூட்டும். 247 என்ற எண்ணில் தொடங்குகிறது. 223 என்ற எண் நான்கு முறையேனும் அடுக்கிவர முடிகிறது. தொடக்கத்திலேயே, அந்தப் பக்கங்கள் கோக்கப்பட்ட நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். வரலாற்று மாணவனுக்கு இது கல்வெட்டின் ஆட்சியாண்டுக் குறிப்புப் போன்றது. மீதமெல்லாம் கட்டளைகள்: இவ்வளவு வலப்புறம் நகர், இவ்வளவு கீழே இறங்கு, இந்த எழுத்துருவை எடு, அதன் 97-ஆம் எழுத்தை இங்கே வை. நகர்வின் அளவு ஒரு புள்ளியின் 65,536-இல் ஒரு பங்கு வரை நுட்பமானது.

ஆனால் எழுத்தின் வடிவம் அதில் இல்லை. எழுத்துருவின் பெயர், அளவு, சரிபார்ப்பு எண் ஆகியவை மட்டுமே உண்டு. பழைய அச்சகத்தோடு ஒப்பிட்டால், எந்த அறையிலிருந்து எந்த அச்சை எடுத்து எங்கே வைப்பது என்ற குறிப்பேடு இருக்கிறது. அச்செழுத்துப் பெட்டி இல்லை. படங்களும் அப்படியே: படக்கோப்பின் பெயர் மட்டும் இருக்கும்.

இதை அன்றைய அறியாமை என்று சொல்வதற்கில்லை. எழுத்து வடிவங்கள் அந்தந்த அச்சுப்பொறியின் நுண்மைக்கு ஏற்பப் புள்ளிப்படங்களாக உருவாக்கப்பட்டன. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி அடிக்கும் பொறிக்கு ஒரு தொகுதி, வேறு பொறிக்கு வேறு தொகுதி. அவற்றைக் கோப்புக்குள் வைத்திருந்தால் ‘சாதனம் சாராமை’ என்பதற்கே பொருளில்லை. மேலும், எல்லாரிடமும் ஒரே எழுத்துப் பெட்டி இருக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. டெக் இலவசம், எளிய கணினியிலும் இயங்கும். ஆகவே நம் நாட்டுக் கணித, இயற்பியல் துறைகளிலும் அது வேரூன்றியது. 1998-இல் திருவனந்தபுரத்தில் இந்திய டெக் பயனர் குழு தோன்றியது. 2002-இல் பன்னாட்டு மாநாடே அந்நகரில் நடந்தது.

மாற்றும் வழி இன்றும் எளிது. தோமஸ் ரோகிக்கி எழுதிய ‘டிவிபிஎஸ்’ நிரல் டிவிஐ கோப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக்கும். ‘கோஸ்ட்ஸ்கிரிப்ட்’ அதைப் பிடிஎஃப் ஆக்கும். ‘டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ்’ இரண்டையும் ஒரே படியில் முடித்துவிடும். பேராசிரியரின் ஆங்கில உரையும் சமன்பாடுகளும் பிசிறின்றி வந்தன. ஆனால் ஒவ்வொரு சமஸ்கிருத மேற்கோள் இருந்த இடத்திலும் வெற்றிடம். ‘எழுத்துரு கிடைக்கவில்லை’ என்று நிரல் எச்சரித்தது. கோப்பின் கட்டளைகளை மனிதர் படிக்கும் வடிவில் காட்டும் ‘டிவிடைப்’ நிரலில் பார்த்தபோது காரணம் புரிந்தது. ரோமன் ஒலிபெயர்ப்புக்காக அவர் துறையில் எவரோ ஆக்கிய எழுத்துரு அது. அத்துறைக்கு வெளியே அது எங்கும் சென்றதில்லை.

எனவே நாங்கள் கல்வெட்டுப் படிப்பவர்களைப் போல இறங்கினோம். சாதாரண ரோமன் எழுத்துகள் வழக்கமான எண்களிலேயே இருந்தன. மேற்புள்ளி, கீழ்ப்புள்ளி, நெடிற்கோடு கொண்ட எழுத்துகள் மட்டும் 128-க்கு மேற்பட்ட எண்களில் இருந்தன. மேற்கோள்களுள் பல ஆரியபட்டீயத்திலிருந்து வந்தவை. அச்சுப் பதிப்பு கையில் இருந்தது. செய்யுளை அருகில் வைத்து எண்ணையும் எழுத்தையும் பொருத்தினோம். ஐயத்துக்குரிய சிலவற்றைப் பேராசிரியர் நினைவிலிருந்தே தீர்த்தார். அந்த அட்டவணைப்படி, இன்றைய எழுத்துரு ஒன்றைப் பழைய பெயரில் நிற்கச் செய்தோம். எழுத்துகளின் அகலம் மாறியதால் சில வரிகளின் வலது ஓரம் பிசகியது. ஆயினும் அடுத்த வரி தன் இடத்திலேயே தொடங்கியது. இரண்டு கோள்நிலைப் படங்கள் மட்டும் மீளவில்லை.

இந்த அளவுக்கேனும் மீட்க முடிந்ததற்குக் காரணம், டிவிஐயின் இலக்கணம் முழுவதும் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருப்பதும், 1990-க்குப் பின் டெக்கில் பிழைத்திருத்தம் தவிர வேறு மாற்றமில்லை என்று குனூத் உறுதிபூண்டதுமே.

இந்திய மொழி நூல்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவை பேஜ்மேக்கரில் கோக்கப்பட்டன. 1985-இல் ஆல்டஸ் வெளியிட்ட அந்த மென்பொருள் 1994-இல் அடோபியிடம் சென்றது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றது. அதன் கோப்பு இலக்கணம் பொதுவில் வைக்கப்படவில்லை. 2015 முதல் லிப்ரேஆபிஸ் இத்தகைய கோப்புகளை ஓரளவு திறக்கிறது. திறந்தாலும், உரிய எழுத்துரு இல்லையேல் தமிழும் இந்தியும் மலையாளமும் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும். இஸ்கி என்னும் தேசியத் தரம் 1991-இலேயே வந்திருந்தும், எழுத்துரு செய்தவர்கள் தத்தமக்கு ஏற்ற வரிசையில் எழுத்துகளை அடுக்கிக்கொண்டதே காரணம்.

ஆகவே ‘மாற்றும் மென்பொருள் எது?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘எழுத்துரு எங்கே?’ என்பதே முதற்கேள்வி. 1991-இல் தொடங்கிய ஆர்க்சைவ் களஞ்சியம், டெக்கில் எழுதிய கட்டுரைகளின் மூலக்கோப்பையே கேட்டு வாங்கி வைப்பதன் அருமை இப்போது புரிகிறது.

உங்கள் வீட்டிலோ துறையிலோ பதிப்பகத்திலோ பழைய வட்டுகள் இருந்தால், நூலின் கோப்பை மட்டும் படியெடுக்காதீர்கள். அந்தக் கணினியின் எழுத்துருக் கோப்புறையையும் படங்களையும் மூலக்கோப்பையும் சேர்த்து எடுங்கள். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஒன்றையும் உடன் வையுங்கள். அன்று அச்சுக்கோத்தவர் இன்னும் இருக்கிறார் என்றால், முதலில் அவரைச் சென்று பாருங்கள். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது அவர் நினைவில் மட்டுமே இருக்கக்கூடும்.