பல் உள்வைப்பைச் சூழ்ந்த ஈறு

பல் உள்வைப்பைச் சூழ்ந்த ஈறு என்பது, தாடை எலும்பில் பதித்த டைட்டேனியத் திருகின் கழுத்தை இறுக மூடி, வாய்க் கிருமிகள் எலும்பை எட்டாமல் காக்கும் திசு வளையம். பல் கிளினிக்கில் 'இம்பிளாண்ட்' எனப்படும் இத்திருகை, சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். டைட்டேனியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்று அவர் அதற்கு முன்பே முயல்களில் கண்டிருந்தார்.

இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் நுழைந்து வேரூன்றி நிற்கும். திருகில் அவற்றுக்குப் பிடிமானம் கிடையாது. அவை திருகுக்கு இணையாகவோ, சட்டைக் கழுத்துப்பட்டை போல அதைச் சுற்றியோதான் ஓடும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் இணைப்புத் தசைநாரும் அதன் ரத்தக் குழாய்களும் இங்கே இல்லை. அதனால் அழற்சி வந்தால் தடுப்பு குறைவு, எலும்பை அது விரைவில் தொட்டுவிடும்.

முதல் கட்டத்தில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும், மெல்லத் தொட்டாலே ரத்தம் கசியும். படிந்த அழுக்கை நீக்கினால் இது பெரும்பாலும் ஆறிவிடும். அடுத்த கட்டத்தில் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்ததை முழுமையாக மீட்பது கடினம். இரண்டு கட்டங்களிலும் வலி இல்லாமலே போகலாம் என்பதுதான் இந்நோயின் கொடுமை.

திருகைச் சுற்றி அசையாத, கெட்டியான ஈறு 2 மில்லிமீட்டராவது இருந்தால் வலியின்றித் துலக்க முடியும். குறைந்தால் மேலண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டுவதுண்டு. செயற்கைப் பல்லை ஒட்டிய சிமெண்ட் ஈறுக்கடியில் தங்கிவிட்டாலும் அழற்சி வரும்.

மலேசியாவின் பேராக் மாநிலப் பால்மரத் தோட்டங்களில் வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு வாழ்ந்த தலைமுறையில் பலருக்கும் ஈறு நோய் இருந்தது. ஈறு நோயால் பல் இழந்தவருக்கே திருகைச் சுற்றியும் அந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். புகைப்பது ஈறுக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. கட்டுப்படாத இனிப்புநீர் புண் ஆறுவதைத் தாமதமாக்குகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாக இந்தியர்களிடையே அது மிக அதிகம். ஆகவே நம் வீட்டுப் பெரியவர்கள் திருகு பொருத்தும் முன் ரத்தச் சர்க்கரையையும் ஈறையும் சரிபார்த்துக்கொள்வது செலவல்ல, காப்பு.

பொருத்திய பிறகு மென்மையான தூரிகையும் பல்லிடைத் தூரிகையும் நாள்தோறும் வேண்டும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதனையும் வேண்டும். துலக்கும்போது ரத்தம் கண்டால் வலி வரட்டும் என்று காத்திராதீர்கள். அந்த வாரமே பல் மருத்துவரிடம் செல்லுங்கள்.