நாஜி வில்லன்களும் தமிழ்ச் சாகசக் கதைகளும்

நாஜிகளை வில்லன்களாக நிறுத்தி, சாதாரண மனிதரால் முடியாததைச் செய்துகாட்டும் நாயகன் அவர்களை முறியடிப்பதாகச் சொல்லும் கதைகள் சாகசப் புனைவில் ஒரு தனி வகை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறந்த இவ்வகை, தமிழுக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று, சிவகாசியில் அச்சான பிரிட்டிஷ் சித்திரக்கதைகள். மற்றொன்று, மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகிக் கப்பலேறி வந்த சோவியத் போர் நாவல்கள். தமிழர் தாமே எழுதிய, எடுத்த போர்க்கதைகளில் நாஜியின் இடத்தை ஜப்பானியச் சிப்பாயோ வெளிநாட்டுக் கூலிப்படையோ பிடித்துக்கொண்டது. எதிரியின் சீருடை இப்படி மாறியதே இவ்வகையின் தமிழ் வரலாற்றில் முக்கியமான செய்தி.

தோற்றம்

1940 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'லுக்' இதழ், சூப்பர்மேன் போரை எப்படி முடித்துவைப்பான் என்று இரண்டு பக்கச் சித்திரக்கதை ஒன்றை வெளியிட்டது. அதில் சூப்பர்மேன் ஜெர்மானியப் பீரங்கியை நசுக்குகிறான். ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிக்கொண்டு போய் ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் முன் நிறுத்துகிறான். எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். அதே ஆண்டு ஏப்ரலில், ஹிட்லரின் எஸ்.எஸ். படை நடத்திய வார இதழ் சீகலைப் பெயர் சொல்லித் தாக்கியது. கதையில் வரும் கற்பனை நாயகனுக்கு ஓர் ஆயுதப்படையின் பத்திரிகையே பதில் எழுதியது என்றால், இக்கதைகள் எங்கே தைத்தன என்பது விளங்கும்.

ஜோ சைமனும் ஜேக் கிர்பியும் உருவாக்கிய 'கேப்டன் அமெரிக்கா' முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. அதன் அட்டையில் நாயகன் ஹிட்லரின் தாடையில் குத்துவிடுகிறான். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு அப்போது இன்னும் ஓராண்டு இருந்தது. கிர்பி பின்னர் படையில் சேர்ந்து பிரான்சில் தரையிறங்கிப் போரிட்டார்.

போர் முடிந்த பிறகும் இவ்வகை ஓயவில்லை. பிரிட்டனில் பின்னர் ஃப்ளீட்வே என்று பெயர் மாறிய நிறுவனம் 1958-இல் போர்ச் சித்திரக்கதைகளுக்கென்றே கையடக்க நூல் வரிசை ஒன்றைத் தொடங்கியது. 1961-இல் டி.சி. தாம்சன் நிறுவனத்தின் 'கமாண்டோ' வந்தது. நாவலில் அலிஸ்டர் மக்லீன் எழுதிய 'கன்ஸ் ஆஃப் நவரோன்' (1957), திரையில் ஸ்பீல்பெர்க் இயக்கிய இண்டியானா ஜோன்ஸ் படம் (1981) ஆகியவை இவ்வகையின் நன்கறியப்பட்ட படைப்புகள். தோற்ற நாஜி புதுப்பெயரில் ஒளிந்திருந்து மீண்டும் தலைதூக்குவது இன்னொரு கிளை. இயான் ஃப்ளெமிங்கின் 'மூன்ரேக்கர்' (1955) நாவலில் ஜேம்ஸ் பாண்டை எதிர்க்கும் ஹூகோ டிராக்ஸ், ஆங்கிலச் செல்வந்தனாக வேடமிட்டு வாழும் பழைய நாஜிதான்.

கதை அமைப்பு

இக்கதைகளில் நாயகன் தனியாள், அல்லது நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவின் தலைவன். எதிரியிடம் கோட்டை, படை, ரகசிய ஆயுதம் எல்லாம் இருக்கும். ஒரு பாலத்தைத் தகர்ப்பது, ஒரு விஞ்ஞானியை மீட்பது, ஒரு பீரங்கியின் வாயை அடைப்பது என்று வேலை ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கெடுவும் உண்டு. நாஜிச் சீருடை கண்ணில் பட்டதும் வாசகருக்குப் பகை புரிந்துவிடுவதால், வில்லனை அறிமுகப்படுத்தப் பக்கங்கள் செலவாவதில்லை. அறுபது எழுபது பக்கத்தில் ஒரு கதையை முடித்தாக வேண்டிய சித்திரக்கதைக்கு இது பெரும் வசதி.

சிவகாசி வழி

 நாள்காட்டிக்கும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்போன அச்சு நகரமான சிவகாசிதான் தமிழ் காமிக்ஸின் தலைநகரமும் ஆனது. மு. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி' 1972-இல் வெளிவந்தது. முல்லை தங்கராசன் அதன் தொடக்ககால ஆசிரியர்.

மாயாவியின் மூலக்கதை 1962 அக்டோபர் 6-இல் வெளிவந்த பிரிட்டனின் 'வேலியண்ட்' முதல் இதழில் தொடங்கியது. கென் புல்மரும் அவரைத் தொடர்ந்து டாம் டல்லியும் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். அதன் நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். வலக்கை போய், அவ்விடத்தில் இரும்புக்கை பொருத்தப்பட்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். தொடக்கத்தில் குற்றவாளியாகத் திரிந்தவன் பிறகு உளவுத்துறைக்காக உழைக்கிறான்.

அந்த 'வேலியண்ட்' முதல் இதழிலேயே இன்னொரு நாயகனும் அறிமுகமானான். பிரிட்டிஷ் கடற்படைக் காலாட்படையின் கேப்டன் ஹரிகேன் அவன். வெறி ஏறிவிட்டால் ஜெர்மானியப் படையணியையே வெறுங்கையால் துவம்சம் செய்யும் முரடன். பிரிட்டிஷ் சிறுவர்களுக்கு அவர்கள் தந்தையர் கண்ட போரை நினைவூட்டியவன் அவன். சிவகாசி தன் முதல் இதழுக்குத் தேர்ந்தெடுத்ததோ அவனை அல்ல, பக்கத்துப் பக்கத்திலிருந்த மாயாவியை. போர்முனைச் சண்டையைவிட மாயமும் உளவும் துப்பறிதலும் கலந்த கதையே தமிழ் வாசகருக்கு நெருக்கமாக இருந்தது. அமெரிக்கச் சித்திரக்கதை நாயகர்களான வேதாளரும் மாண்ட்ரேக்கும் இங்கே வேரூன்றியதற்கும் அதுவே காரணம். அந்த வேதாளரும் போரைத் தவிர்க்கவில்லை. லீ ஃபால்க் 1942-இல் தொடங்கிய தொடரில், வேதாளர் தம் காட்டுக்குள் புகுந்த ஜப்பானியப் படையை எதிர்த்துப் போரிடுகிறார்.

1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், பதினேழு வயதில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்திமுனையில் மாடஸ்டி'. அதன் நாயகி மாடஸ்டி பிளைசியும் உலகப்போர் பெற்ற பிள்ளைதான். கதாசிரியர் பீட்டர் ஓ'டானல் 1942-இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் வடக்கு ஈரானில் இருந்தபோது, போரால் ஊரையும் உறவையும் இழந்து தன்னந்தனியாக நடந்துவந்த ஒரு சிறுமியைக் கண்டார். அவளுடைய துணிவு அவர் நெஞ்சில் தங்கியது. 1963-இல் அதிலிருந்து மாடஸ்டி பிறந்தாள். அகதி முகாமிலிருந்து தப்பி, தன்னைத்தானே வளர்த்துக்கொண்டவள் என்பதே அவள் முன்கதை.

லயன் காமிக்ஸின் மற்றொரு பெருநாயகன் ஸ்பைடர். குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிக் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறிய இவனுடைய கதைகளில் பெரும்பங்கை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல். எஸ்.எஸ். படையின் பத்திரிகை எந்த எழுத்தாளரை வசைபாடியதோ, அவருடைய கதைகளைத் தென்தமிழ்நாட்டுச் சிறுவர்கள் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். ஸ்பைடரின் வலைத்துப்பாக்கியும் கூர்காதும் நினைவிருப்பவர்களுக்கு அந்த எழுத்தாளரின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

சோவியத் நூல் வழி

1951-இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், சோவியத் பதிப்பகங்கள் தமிழில் அச்சிட்ட நூல்களை மிகக் குறைந்த விலையில் தமிழ்நாடெங்கும் கொண்டுசேர்த்தது. அவற்றில் போர் நாவல்கள் பல. பரீஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை', விமானம் வீழ்த்தப்பட்டு, நொறுங்கிய கால்களோடு பனிக்காட்டில் பதினெட்டு நாள் ஊர்ந்து தப்பிய விமானி அலெக்சேய் மரேஸ்யெவின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டது. இரண்டு கால்களும் வெட்டப்பட்ட பின் செயற்கைக் கால்களோடு மீண்டும் போர்விமானம் ஓட்டியவர் அவர். மாயாவிக்கு இரும்புக்கை கற்பனை. மரேஸ்யெவுக்குச் செயற்கைக் கால் நிஜம்.

தமிழில் 'அதிகாலையின் அமைதியில்' என்று வந்த பரீஸ் வஸீலியெவின் குறுநாவல் (1969) இவற்றுள் தனிச்சிறப்பு உடையது. காலம் 1942 மே. இடம் கரேலியாவின் காடும் சதுப்பும். விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்த ஐந்து இளம்பெண்களோடு, இரண்டே ஜெர்மானியர்கள் என்று நம்பி அவர்களைப் பிடிக்கப் போகிறார் பெண்களுக்குத் தலைமையேற்கும் வாஸ்கோவ். வந்திருப்பவர்களோ பதினாறு பேர். ஆற்றின் மறுகரையில் ஜெர்மானியர்கள் இறங்கத் தயங்கி நிற்கும் காட்சி கதையின் உச்சங்களுள் ஒன்று. இந்தக் கரையில் பெரிய கூட்டம் மரம் வெட்டுவதாக அவர்களை நம்பவைக்க வேண்டும். மற்றவர்கள் மரங்களைச் சாய்க்க, ஷேன்யா என்ற பெண் உடைகளைக் களைந்து குளிர்ந்த ஆற்றில் இறங்கிப் பாட்டுப் பாடியபடி குளிக்கிறாள். எதிர்க்கரைப் புதருக்குள் துப்பாக்கிகள் அவளையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். ஜெர்மானியர்கள் வேறு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். ஐந்து பெண்களும் ஒருவர்பின் ஒருவராக இறக்கிறார்கள். சாகசக் கதையின் கட்டமைப்பு அத்தனையும் இருந்தும், ஒவ்வொரு சாவின் விலையையும் வாசகரை உணரவைக்கிறது இந்நூல். 1972-இல் ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி இதைப் படமாக்கினார்; அது ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது.

தமிழாக்கத்தில் மாறிய எதிரி

'அதிகாலையின் அமைதியில்' கதையின் தழுவலே எஸ்.பி. ஜனநாதன் இயக்கி 2009 தீபாவளிக்கு வெளிவந்த 'பேராண்மை'. வாஸ்கோவின் இடத்தில் பழங்குடியில் பிறந்த வன அலுவலர் துருவன் (ஜெயம் ரவி). பீரங்கிப் பெண்களின் இடத்தில் ஐந்து என்.சி.சி. மாணவிகள். ஜெர்மானியரின் இடத்தில், இந்திய ராக்கெட்டைத் தகர்க்கக் காட்டுக்குள் இறங்கும் வெளிநாட்டுக் கூலிப்படை. மூலத்தில் இல்லாத ஒன்றையும் ஜனநாதன் சேர்த்தார்: துருவனை மேலதிகாரி சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது. பிறப்பால் மனிதரைத் தரம் பிரிப்பதுதான் நாஜிக் கொள்கையின் வேர். நாஜிச் சீருடை இல்லாத கதையில் அந்த வேரை நம் மண்ணிலேயே அடையாளம் காட்டியதால், 'பேராண்மை' வெறும் தழுவலாக நின்றுவிடவில்லை.

அதற்கு முந்தைய தமிழ்ப் படைப்புகளில் எதிரி ஜப்பானியர். போர் தமிழருக்கு வந்தது கிழக்கிலிருந்து. பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த தமிழர் குடும்பங்கள் சிதறியது ஜப்பானியப் படையெடுப்பில். டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பர்மா ராணி' (1945), ஜப்பானியர் பிடித்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானிகளின் கதை. ஜப்பானிய அதிகாரியாகச் சுந்தரமே நடித்தார். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954), 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியதைப் பின்னணியாகக் கொண்டு, நாட்டை விற்றவன் ஒருவனின் கொலையை ஆராய்கிறது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972), ஜப்பானியப் படை நுழையும் மெடான் நகரில் தொடங்கும் நாவல். அதன் நாயகன் பாண்டியன், தமிழ் நாவல் கண்ட மாபெரும் சாகச வீரர்களுள் ஒருவன்.

தமிழ்க் கதைகளில் நாஜி எதிரியாகாததற்கு அரசியல் காரணமும் இருந்தது. அடக்கியாண்டவர் ஆங்கிலேயர் என்பதால், அவர்களுடைய எதிரியிடம் இங்கே பலருக்குக் கடும் பகை தோன்றவில்லை. 1942-இல் நேதாஜி பெர்லினில் ஹிட்லரைச் சந்தித்ததும் மக்கள் நினைவில் இருந்தது. ஐரோப்பியச் சிறுவனுக்கு நாஜி என்பவன் தன் வீதியில் குண்டு போட்டவன். தமிழ்ச் சிறுவனுக்கோ சித்திரக்கதையில் முதன்முதலாகப் பார்த்த அந்நியன்.

நிஜ வீரர்

நாஜிப் படையை நேரில் எதிர்த்த தமிழர்கள் இருந்தார்கள். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜெர்மானியரோடு போரிட்ட இந்தியப் படையில் மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையும் இருந்தது. அதன் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில், உடன் வந்தவர் மிதித்த கண்ணி வெடிக்கச் சில நொடிகளே இருந்தபோது, அதன்மீது தாமே பாய்ந்து விழுந்து, சுற்றியிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். துணிவுக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர்.

மதிப்பீடு

இவ்வகையின் மீது வைக்கப்படும் குறைகளில் ஒன்று வலுவானது. ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்களையும், பெருந்தொகையான ரோமா மக்களையும் பிறரையும் திட்டமிட்டுக் கொன்ற ஆட்சியை, குத்து வாங்கி விழும் முரடர் கூட்டமாகக் காட்டினால் வரலாறு இலகுவாகிவிடுகிறது. வதைமுகாம்கள் இல்லாமலே நாஜிகளைக் கண்ட வாசகத் தலைமுறை இதனால் உருவாகலாம். அதேவேளை, ஹிட்லரை ஒழுக்கத்துக்கும் உறுதிக்கும் முன்மாதிரியாகப் பேசும் பேச்சு நம் ஊர்களில் இன்றும் காதில் விழுகிறது. அவன் எந்தப் பக்கத்தவன் என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னவை இந்தக் கதைகள். வரலாற்றுக்கு இவை மாற்றாகா. ஆனால் ஒரு சிறுவனை வரலாற்றின் வாசல்வரை கொண்டுபோய் விடும்.

2012-இல் லயன்–முத்து இதழ்கள் புதிய வேகத்தோடு மீண்டும் வரத் தொடங்கின. பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலியச் சித்திரக்கதைகள் வண்ணத்தில், பெரிய அளவில் வருகின்றன. அச்சும் மொழிபெயர்ப்பும் வாசகரும் தயாராகவே இருக்கிறார்கள். நாஜிப் போர்முனையைக் கண்ட சுப்பிரமணியன் போன்ற தமிழ் வீரரின் வாழ்வை, வதைமுகாம்களின் உண்மையையும் மறைக்காமல் தமிழிலேயே எழுதி வரைந்த சித்திரக்கதையாக்குவது, அரை நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் தேர்ந்த இத்துறை செய்து முடிக்க வேண்டிய அடுத்த வேலை.