எந்தப் பெயரில் நினைவுகூர்வது? நவம்பர் 20 – திருநர் நினைவு நாள்

நவம்பர் எங்களுக்கு விளக்கேற்றும் மாதம். 27ஆம் திகதிக்கு ஒரு கிழமை முன்னதாக, உலகின் பல நகரங்களில் வேறு சிலருக்காகவும் மெழுகுதிரிகள் ஏற்றப்படுகின்றன. திருநங்கைகளாகவும் திருநம்பிகளாகவும் வாழ்ந்ததால் கொல்லப்பட்டவர்களை நினைவுகூரும் நாள் நவம்பர் 20. அந்த நாள் எப்படி உருவானது, அது எங்களுக்கு ஏன் அந்நியமானதல்ல என்பதை இங்கே எழுதுகிறேன்.

அதன் பின்னணியில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பகுதியில் நிகழ்ந்த இரண்டு மரணங்கள் இருக்கின்றன.

1995 நவம்பர் 20 அன்று, ஷெனெல் பிக்கெட் என்ற 23 வயதுக் கறுப்பினத் திருநங்கை வோட்டர்டவுனில் உயிரிழந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் 1997இல் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். தாக்கிய குற்றத்துக்காக மட்டும் அவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1998 நவம்பர் 28 அன்று, ஓல்ஸ்டன் பகுதியில் ரீட்டா ஹெஸ்டர் தனது வீட்டிலேயே கத்தியால் பல தடவைகள் குத்திக் கொல்லப்பட்டார். அவரும் கறுப்பினத் திருநங்கை. 35ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்களே இருந்தன. கொலையாளி யார் என்பது இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

கொலைக்குப் பின்னர் நடந்ததுதான் ரீட்டாவின் நண்பர்களை மேலும் புண்படுத்தியது. அப்பகுதி நாளிதழ்கள் அவரை ஆண் என்றே எழுதின. அவர் வாழ்ந்த பெயரை, ஏதோ பொய்ப்பெயர் போல மேற்கோள்குறிக்குள் போட்டன. அதைக் கண்டித்தும் அவரை நினைவுகூர்ந்தும் டிசெம்பர் 4 அன்று சுமார் 250 பேர் மெழுகுதிரிகளோடு ஓல்ஸ்டன் வீதிகளில் நடந்தார்கள். மகள் வாழ்ந்த கட்டடத்தின் வாசலுக்கு வந்ததும் ரீட்டாவின் தாய் முழந்தாளிட்டுச் செபித்தார்.

அக்காலத்தில் இணையவழி உரையாடல் ஒன்றில் குவெண்டலின் ஆன் ஸ்மித் என்ற திருநங்கை ரீட்டாவின் கொலையைப் பற்றிப் பேசினார். அதே பகுதியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்த ஷெனெலை அங்கிருந்தவர்களுக்கு நினைவில்லை என்பது அவரை உலுக்கியது. கொல்லப்பட்டவர்களின் பெயர்களை அவர் இணையத்தில் திரட்டத் தொடங்கினார். 1999இல் முதலாவது நினைவேந்தல் நடந்தது. பின்னர் ஷெனெல் இறந்த திகதியான நவம்பர் 20 அதற்குரிய நாளாக நிலைபெற்றது.

நிகழ்வு மிக எளிமையானது. அந்த ஆண்டில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர் தெரியாதவர்களை ஊரையும் இறந்த நாளையும் சொல்லி நினைவுகூர்வார்கள். ஐரோப்பாவைத் தளமாகக் கொண்ட திருநர் அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் இந்தக் கொலைகளைத் தொகுத்து வெளியிடுகிறது. 2024 செப்டெம்பருடன் முடிந்த 12 மாதங்களில் 350 கொலைகள் பதிவாகின. அதிகமானவை பிரேசிலில் நடந்தவை.

இந்த எண்ணிக்கையைக் கவனமாக வாசிக்க வேண்டும். கண்காணிக்க ஆட்களும் அமைப்புகளும் இருக்கும் நாடுகளிலிருந்தே தகவல் வருகிறது. பொலிஸ் பதிவில் பிறப்புச் சான்றிதழின் பெயரும் பாலும் எழுதப்பட்டுவிட்டால், கொல்லப்பட்டவர் திருநர் என்பதே மறைந்துபோகும். பட்டியலில் இல்லாத நாட்டில் கொலையே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

இலங்கையின் நிலை என்ன? வீதியில் அலைந்து திரிவோரைக் கைதுசெய்ய 1841இல் பிரித்தானியர் கொண்டுவந்த கட்டளைச் சட்டமும், தண்டனைச் சட்டக் கோவையின் ஆள்மாறாட்டப் பிரிவும் திருநர்களைத் தடுத்து வைக்கப் பயன்படுத்தப்பட்டுள்ளன. மறுபக்கம், 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு வழியைத் திறந்தது. மனநல மருத்துவர் ஊடாகப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்றால், பிறப்புச் சான்றிதழிலும் அதன்பின் தேசிய அடையாள அட்டையிலும் மாற்றம் செய்துகொள்ளலாம். ஆனால் அந்தச் சான்றிதழை எடுக்காமலே இறப்பவரின் பெயரை யார் முடிவு செய்வது? வீட்டார்தான்.

அதனால்தான் இதை எங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன். ஒரு பெயரின் கனம் எங்களுக்குத் தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் ஏந்தியிருந்தது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களையும் பெயர்களையும்தான். இறந்தவரை இன்னொருவர் தமக்கு வசதியான பெயரில் எழுதினால் எப்படி வலிக்கும் என்பதை அனுபவித்த சமூகம் நாங்கள். போரில் இறந்தோரிலும் காணாமல் போனோரிலும் திருநர்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. அவர்களுடைய பெயர்களை நாங்கள் கேட்டதில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. செய்தி எழுதுபவர், இறந்தவர் எந்தப் பெயரில் வாழ்ந்தார் என்று அவருடைய சிநேகிதர்களிடமும் கேட்கலாம். மரண அறிவித்தல் கொடுக்கும் வீட்டார் அந்தப் பெயரைப் போடலாம். செத்தவீட்டுக்கு வரும் திருநங்கைகளை, தமது தோழியைக் கடைசியாகப் பார்க்க விடாமல் படலையிலேயே மறிப்பதை நிறுத்தலாம். நவம்பர் 20 அன்று ஒரு மெழுகுதிரி ஏற்றுவது அதற்குப் பிறகு வரட்டும்.