குமரி மாவட்டத் தொலைத்தொடர்பு வரலாறு: மாநில எல்லையும் கட்டண எல்லையும்

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாக அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. முதல் இரண்டு தாலுகாக்களும் நாஞ்சில் நாடு எனப்படும் பகுதி. நிர்வாகம் மாறினாலும் திருமண உறவு, வணிகம், மருத்துவம், வேலை ஆகியவற்றில் திருவனந்தபுரத்துடனான தொடர்பு அறுபடவில்லை. இம்மாவட்டத்தின் ரயில் பாதைகள் இன்றும் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் உள்ளன. ஆனால் தொலைத்தொடர்பில் மாநில எல்லையே நெடுங்காலம் கட்டண எல்லையாகவும் இருந்தது. அந்த எல்லை எப்படி உருவாகி எப்படி மறைந்தது என்பதே இம்மாவட்டத் தொலைத்தொடர்பு வரலாற்றின் மையம்.

அஞ்சல் முதல் எஸ்.டி.டி. வரை

திருவிதாங்கூர் அரசு 'அஞ்சல்' என்ற பெயரில் தனக்கெனத் தபால் துறை ஒன்றை நடத்தியது. இன்று தமிழில் பொதுச்சொல்லாகிவிட்ட அச்சொல், திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் அரசுத் துறையின் பெயராக வழங்கியது. 1951இல் அத்துறை இந்தியத் தபால் துறையுடன் இணைக்கப்பட்டது.

தொலைபேசியில் வெளியூருடன் பேச, முன்பு இணைப்பகத்தில் டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். எஸ்.டி.டி. வசதி வந்தபின் இம்மாவட்டம் இரண்டு குறியீட்டெண்களைப் பெற்றது. நாகர்கோவில் பகுதிக்கு 04652, குழித்துறை பகுதிக்கு 04651. களியக்காவிளையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறசாலையோ திருவனந்தபுரத்தின் 0471இல் அடங்கியது.

1984இல் மத்திய அரசு தொடங்கிய சி-டாட் நிறுவனம், குளிர்சாதன வசதி இல்லாத கிராமங்களிலும் இயங்கக்கூடிய சிறிய மின்னணு இணைப்பகங்களை உருவாக்கியது. இதையொட்டி எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகள் ஊர்தோறும் பெருகின. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோரின் குடும்பங்கள் மிகுந்த இம்மாவட்டத்தில், மீட்டரில் ஓடும் தொகையைப் பார்த்தபடி பேசி முடிப்பது அக்காலப் பழக்கம். கட்டணம் குறையும் இரவு நேரத்தில் பூத்துகளில் கூட்டம் சேரும்.

செல்பேசி வட்டங்கள்

1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பிறகு, பெருநகரங்கள் நீங்கலாக நாடு பெரும்பாலும் மாநில எல்லைகளின்படி தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு உரிமங்கள் வழங்கப்பட்டன. தமிழ்நாடு 'ஏ' பிரிவிலும் கேரளம் 'பி' பிரிவிலும் அமைந்தன. நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து பேசப்பட்டது. தொடக்கத்தில் கேரள வட்டத்தில் எஸ்கோடெல், பி.பி.எல். நிறுவனங்களும், தமிழ்நாட்டு வட்டத்தில் பி.பி.எல்., ஏர்செல் நிறுவனங்களும் சேவை அளித்தன.

பி.பி.எல். இரு வட்டங்களிலும் இருந்தது. ஆயினும் அதன் வாடிக்கையாளர் களியக்காவிளையைக் கடந்தால் ரோமிங் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. வேறு வட்ட எண்ணை அழைப்பது எஸ்.டி.டி. அழைப்பு, எண்ணுக்கு முன் சுழியம் சேர்க்க வேண்டும். உள்வரும் அழைப்புக்கும் பணம் என்ற முறை 2003 மே 1 முதல் மாறியது. ஆனால் ரோமிங்கில் அது தொடர்ந்தது. திருவனந்தபுரம் மருத்துவமனையில் நோயாளியுடன் தங்கியிருப்பவர், ஊரிலிருந்து வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் பணம் கொடுத்தார். வானலை எல்லைக்கோட்டில் நிற்பதில்லை என்பதால், தம் ஊரிலிருந்தே எல்லையோர மக்களின் கைபேசி கேரளக் கோபுரத்துடன் இணைந்துவிடுவதும் உண்டு. இரு வட்டங்களுக்கும் தனித்தனி சிம் வைத்துக்கொள்வதே சிக்கனமான வழியாக இருந்தது.

எல்லை மறைந்த விதம்

இந்தக் கட்டண எல்லை படிப்படியாகக் கரைந்தது. 2006 மார்ச் 1 அன்று பி.எஸ்.என்.எல்., நாடெங்கும் நிமிடத்துக்கு 1 ரூபாயில் பேசும் 'ஒன் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியது. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்த எண் மாறா நிறுவன மாற்ற வசதி முதலில் ஒரே வட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியானது. 2015 ஜூலை 3 முதல் வட்டம் கடந்தும் செல்லுபடியானது. 2016 செப்டம்பர் 5இல் சேவையைத் தொடங்கிய ஜியோ உள்நாட்டு ரோமிங் கட்டணமே வாங்கவில்லை. பிற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. கட்டணப் போட்டியில் பல நிறுவனங்கள் மறைந்தன. தமிழ்நாட்டில் பரவலாக வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த ஏர்செல் 2018இல் திவாலானது. அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. ஏர்டெல், ஜியோ, வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகிய நான்கே எஞ்சிய நிலையில், 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின.

பிராட்பேண்ட் சேவையை பி.எஸ்.என்.எல். 2005இல் தரைவழித் தொலைபேசிக் கம்பிகள் வழியே தொடங்கியது. அரசு கண்ணாடியிழை வலையமைப்புகள் இன்று மீண்டும் மாநில எல்லையின்படியே அமைகின்றன. கேரளத்தில் கே-ஃபோன் இயங்குகிறது. தமிழ்நாட்டில் 'டான்ஃபிநெட்' நிறுவனம் பாரத்நெட் திட்டத்தைச் செயல்படுத்துகிறது.

எஞ்சிய எல்லை: கடல்

நிலத்தில் கரைந்த எல்லை கடலில் கரையவில்லை. வழக்கமான ஜி.எஸ்.எம். அமைப்பில் ஒரு கோபுரத்தின் வீச்சு அதிகபட்சம் சுமார் 35 கிலோமீட்டர். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்கு அப்பால் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் உருவானபோது, முன்னரே கடலுக்குச் சென்றிருந்த பலரை எச்சரிக்கை எட்டவில்லை. கரையிலும் மின்கம்பங்கள் சாய்ந்து மின்சாரமும் தொலைபேசிச் சேவையும் துண்டிக்கப்பட்டன. உயிரிழந்தோர், காணாமற்போனோரில் இம்மாவட்ட மீனவர்கள் ஏராளம்.

இதன்பின் செயற்கைக்கோள் கருவிகள் மீது கவனம் திரும்பியது. 2019 அக்டோபரில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய 'ஜெமினி' கருவி, ககன் செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையைக் கைபேசிக்கு அனுப்பும். ஆனால் அது ஒருவழித் தொடர்பு மட்டுமே. ஆபத்தில் இருப்பவர் அதன்மூலம் உதவி கேட்க முடியாது. செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருக்க அரசின் அனுமதி தேவை. பின்னர் இஸ்ரோ உருவாக்கிய இருவழிச் செய்தி வசதியுள்ள டிரான்ஸ்பாண்டர்கள் தமிழ்நாட்டு விசைப்படகுகளில் பொருத்தப்பட்டன. எல்லா வகைப் படகுகளுக்கும் இருவழித் தொடர்பு கிடைக்கும்போதுதான் இந்த எல்லையும் மறையும்.