சிவப்பு மையும் பச்சை எஞ்சினும்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விகிதம் கற்பிப்பதற்காக, என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நெடுநாளாக வீற்றிருந்த ‘பிளையிங் ஸ்காட்ஸ்மேன்’ மாதிரி எஞ்சினை அதன் தண்டவாளத் துண்டோடு வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். அளவு 1:76. நிலக்கரிப் பெட்டியோடு சேர்த்து நீளம் ஏறத்தாழ 28 செண்டிமீட்டர். 76ஆல் பெருக்கினால் 21 மீட்டர். இங்கிலாந்தில் உள்ள உண்மையான எஞ்சினின் நீளமும் ஏறத்தாழ அதுவே. மாணவர்கள் வியந்தனர். அடுத்து, தண்டவாளத்தின் அகலத்தை அளந்து உண்மையான அகலத்தைக் கணக்கிடுமாறு பணித்தேன்.

ஒரு மாணவன் 16.5 மில்லிமீட்டர் என அளந்து, விடையை 1,254 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தான். பிரித்தானியத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர் என்பதை நான் அறிவேன். (நாம் ஏறும் கே.டி.எம். இரயிலுக்கு ஒரு மீட்டர்தான்.) அளவுகோலைச் சரியாக வைக்கவில்லை என்று எண்ணிச் சிவப்பு மையால் பிழைக்குறி இட்டேன்.

“சார், மூனு தடவ அளந்தேன் சார்” என்றான். அச்சொல் வீடு வரை என்னைத் தொடர்ந்தது.

அன்றிரவு நானே அளந்தேன். 16.5 தான்! பிழை மாணவனுடையதன்று, பொம்மையினுடையது. ஐரோப்பாவில் மாதிரி இரயில்களின் அளவு 1:87. 16.5ஐ 87ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,435 வந்துவிடும். பிரித்தானியாவின் சுரங்கவழிகளும் பாலங்களும் குறுகலானவை. ஆதலால் அந்நாட்டு எஞ்சின்களும் ஐரோப்பிய எஞ்சின்களைவிடச் சிறியவை. 1:87 அளவில் செய்தால், அக்கால மின்மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே 1920களில் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு, எஞ்சினின் உடலை மட்டும் 1:76 ஆகப் பெருக்கினர். 1938இல் வெளிவந்த ‘ஹார்ன்பி டப்லோ’வும் இவ்வழியையே பின்பற்றியது. மோட்டார்கள் சிறுத்துவிட்ட இக்காலத்திலும் அவ்வழக்கம் மாறவில்லை.

ஐயம் வந்தபின் எஞ்சினின் எண்ணையும் நான் விடவில்லை. என் மாதிரி வெளிர்பச்சை நிறம், எண் 4472. இன்றைய நிழற்படத்திலோ கரும்பச்சை நிறம், எண் 60103, முன்புறம் இருபக்கமும் புகைத் தடுப்புத் தகடுகள். கிரெஸ்லியின் வடிவமைப்பில் 1923இல் டான்காஸ்டரில் உருவானபோது இதன் எண் 1472. பெயரும் 4472 என்ற எண்ணும் 1924இல் வந்தவை. 1934இல் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டபோதும் அதே எண்தான். 1947இல் வேறு கொதிகலனோடு மாற்றியமைத்தனர். இரயில்வே நாட்டுடைமையான பின்னரே 60103 ஆயிற்று. 1963இல் ஓய்வுபெற்ற எஞ்சினை வாங்கிய ஆலன் பெக்லர், அதற்குப் பழைய நிறத்தையும் எண்ணையும் மீண்டும் அளித்தார். அமெரிக்காவுக்கும் கொண்டு சென்றார். 1972இல் நொடித்தும் போனார். பெரும் பழுதுபார்ப்புக்குப் பின் 2016இல் 60103 என்ற எண்ணோடு மீண்டும் ஓடியது. என் அலமாரியில் இருந்தது ஓர் எஞ்சினின் இளமைக்காலம் மட்டுமே.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, பிழைக்குறியை அடித்து, புள்ளி வழங்கினேன். அவன் புள்ளியைப் பார்க்கவே இல்லை.

“அப்போ இந்த எஞ்சினுக்குத் தண்டவாளம் எவ்வளவு இருக்கணும் சார்?”

கரும்பலகையில் 1,435 ÷ 76 என்று எழுதினேன். 18.88 என்று முதலில் கையுயர்த்தியவள் பின்வரிசை மாணவி ஒருத்தி.