மருத்துவச்சியும் மடத்துச் சகோதரியும்

பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டும்போது ஓரிடத்தில் நம் கை தானாக நின்றுவிடும். குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர் எல்லாம் வழக்கம்போல் இருக்க, திருமுழுக்கு அளித்தவரைக் குறிக்கும் இடத்தில் குருவின் பெயர் இராது. சாவாபத்தில் மருத்துவச்சி அளித்தாள் என்று இலத்தீனில் ஒரு சிறு குறிப்பு மட்டும் இருக்கும். அவள் பெயரைக் குறித்துவைக்க எவருக்கும் தோன்றவில்லை. விடுதலைப் பயண நூலோ பார்வோனின் பெயரைச் சொல்லாது விட்டு, அவன் ஆணைக்குப் பணியாத சிப்ரா, பூவா என்னும் இரு மருத்துவப் பெண்களின் பெயர்களைக் காத்து வைத்திருக்கிறது. நம் பதிவேடுகளை எழுதியவர்கள் அந்த நூலை அறியாதவர்கள் அல்லர்!

இக்குறிப்புகளுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 743-ஆம் விதி, அவசர வேளையில் முறையாகத் திருமுழுக்கு அளிக்கும் வகையை இறைமக்களுக்கு, சிறப்பாக மருத்துவச்சிகளுக்கும் மருத்துவர்களுக்கும், கற்பிக்கும் பொறுப்பைப் பங்குக் குருவிடம் ஒப்படைத்தது. பேறுகால அறைக்குள் குரு நுழைய இயலாது. மருத்துவச்சியே அங்கே அவருடைய கையாக இருந்தாள்.

ஆனால் அதே அறைக்குள் கன்னியர் மடத்துச் சகோதரி நுழையலாகாது. திருத்தந்தையின் இசைவின்றிக் குருக்கள் மருத்துவத் தொழில் செய்வதை அத்தொகுப்பின் 139-ஆம் விதி தடுத்தது. 592-ஆம் விதி அத்தடையைத் துறவியருக்கும் விரித்தது. தொழுநோயாளரின் புண்ணைக் கழுவ மடத்துச் சகோதரிக்குத் தடையில்லை. பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணின் அருகில் நிற்பதோ அவள் நிலைக்குத் தகாதது என்று எண்ணப்பட்டது. கற்பு வார்த்தைப்பாட்டைக் காப்பதே நோக்கம் என்றனர். அந்த நோக்கத்தை நாம் இகழவில்லை. எனினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் அல்லர்.

அவ்விலையைக் கண்ணாரக் கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன். முதிய வயதில் கத்தோலிக்கரான இவர், ராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழக் காரணமானார். ஆடவர் முகம் காணாது கோஷாவில் வாழ்ந்த அந்நகரப் பெண்கள், ஆண் மருத்துவரிடம் செல்வதைவிடச் சாவதே மேல் என்றிருந்தனர். சகோதரிகளை மருத்துவப் பணிக்கு அனுமதிக்குமாறு அவர் உரோமையில் மன்றாடினார். வேண்டுதல் நிறைவேறாமலே 1913-இல் இறந்தார்.

அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்து, நேரில் ஒருமுறையேனும் சந்திக்க இயலாது போனவர் ஆஸ்திரியாவின் தீரோல் பகுதியில் 1892-இல் பிறந்த அன்னா டெங்கல். அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் பயின்று, 1920-இல் ராவல்பிண்டிக்கு வந்தார். தனியொருவரால் ஆகக்கூடிய பணி அன்று என்று உணர்ந்து, 1925-இல் வாஷிங்டனில் மருத்துவ மறைபணிச் சகோதரிகள் சபையை மூன்று தோழியருடன் தொடங்கினார். சட்டம் மாறாததால் அவர்கள் பொது வார்த்தைப்பாடு கொடுக்க முடியவில்லை. துறவியராய் வாழ்ந்தும் துறவியர் எனப்படாமல் பதினோர் ஆண்டுகள் காத்திருந்தனர். 1936 பெப்ருவரி 11-இல், பதினோராம் பத்திநாதர் காலத்தில், விசுவாசப் பரப்புப் பேராயம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் சகோதரிகள் தாய்சேய் நலப்பணி ஆற்றலாம், அதற்குரிய பட்டங்களையும் பெறவேண்டும் என்றது அது.

அதன் கனியை எதிர்பாராத ஓரிடத்தில் காண்கிறோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாந்தா ஃபேயில், இச்சபையின் சகோதரிகள் 1944-இல் கத்தோலிக்கத் தாய்மை நிலையத்தைத் தொடங்கினர். நியூயார்க்கில் பேறுகாலப் பணி பயின்று வந்த செவிலியர் அவர்கள். ஸ்பானிய மொழி பேசும் ஏழைத் தாய்மாரைக் கருவுற்ற நாள்முதல் சோதித்து, வலி கண்டதும் வீட்டுக்கே சென்று, பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் தாயையும் சேயையும் பார்த்துவந்தனர். சிக்கல் எழுந்தால் மட்டுமே மருத்துவரை நாடினர். பிள்ளை பெற ஏற்ற வசதி வீட்டில் இல்லாதவர்களுக்கென, சின்ன வீடு என்று பொருள்படும் 'லா காசித்தா' இருந்தது. தாய் எதை உண்டாள், வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்றெல்லாம் அறிந்தவரே பிள்ளையையும் கையில் ஏந்தினார் என்பதுதான் இம்முறையின் உயிர்நாடி. நம் ஊர் மருத்துவச்சிக்கு இவை கேளாமலே தெரிந்திருந்தன; அவளுக்கு இல்லாதிருந்தது பயிற்சியும், ஆபத்தில் துணைவரும் மருத்துவருமே. குறைந்த கட்டணத்தையும் கொடுக்க இயலாத குடும்பங்களை வைத்துக்கொண்டு நிலையம் இருபத்தைந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. பணநெருக்கடி முற்றி, 1969-இல் மூடப்பட்டது.

அன்னா டெங்கல் 1980-இல் உரோமையில் காலமானார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த புதிய சட்டத்தொகுப்பிலும் அவசரத் திருமுழுக்கைக் கற்பிக்கும் கடமை பங்குக் குருவுக்கு இருக்கிறது. 861-ஆம் விதியில் அதைக் காணலாம். மருத்துவச்சி என்ற சொல் மட்டும் அதில் இல்லை.